பழைய காரும் 80 கிலோமீட்டரும்

ஒனிஹங்கா வீதியில் உறுமிக்கொண்டு போகும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பெட்ரோலைக் குடித்துத் தள்ளும். அதை எப்படிச் சிக்கனமாக ஓட்டலாம்? பதில் நியூசிலாந்தின் வரலாற்றில் இருக்கிறது.

1973 எண்ணெய் நெருக்கடியில் அரசு நெடுஞ்சாலை வேகத்தை மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டராகக் குறைத்தது. ஈரான் புரட்சிக்குப் பின், 1979 ஜூலையில் ‘கார் இல்லா நாள்’ வந்தது. வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அதற்கான ஸ்டிக்கரைக் கார்க் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அன்று அந்தக் காரை ஓட்டினால் அபராதம். இரண்டு கார் வைத்திருந்தவர்கள் மற்றதை எடுத்துக்கொண்டார்கள்! பெட்ரோல் பெரிதாக மிச்சமாகவில்லை; 1980இல் திட்டம் முடிந்தது.

வேகக் குறைப்போ 1985 வரை நீடித்தது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். 100இலிருந்து 80க்கு இறங்கினால் அந்தத் தடை 36 சதவீதம் குறையும். இந்தக் கணக்கை எந்த ஸ்டிக்கரும் மாற்றாது. ஆகவே, பழைய காருக்குப் புதுப் பாகம் தேடுமுன், முதலில் மிதிக்கிற காலைத் தளர்த்தச் சொல்லுங்கள்.