தார்சு வீடும் 12 சென்ட் விதியும்

மதுக்கரைன்னா வெளியூர்க்காரங்களுக்கு சிமெண்ட் ஆலைதான் ஞாபகம் வரும். சுண்ணாம்புக்கல் இங்கேயே கிடைச்சதால 1934-ல் அந்த ஆலை வந்தது. ஆனா அதுக்கப்புறமும் ரொம்ப காலம் எங்க பக்கத்துல மண்ணுலதான் வீடு கட்டினாங்க. ஒன்றரை அடி மண்சுவர், மேல ஓடு, ஆசாரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல அட்டாலி. ஓடு காய்ஞ்சாலும் அந்தச் சூடு அட்டாலியோட நின்னு ஓட்டு இடுக்கு வழியா வெளிய போயிரும். பகல் வெயில் அந்தச் சுவரைத் தாண்டி உள்ள வர்றதுக்குள்ள பொழுது இறங்கியிரும். மேற்கால ஜன்னல் பெருசா வைக்க மாட்டாங்க. சாயங்கால வெயில் ஒரு காரணம். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கிற காத்து இன்னொரு காரணம்.

பழசெல்லாம் சொர்க்கம்னு எழுத மாட்டேன். வருஷா வருஷம் ஓடு மாத்தோணும். கரையான், தேளு தொல்லை வேற. கையில காசு வந்ததும் எல்லாரும் தார்சு வீடு கட்டினாங்க, நியாயந்தான். ஆனா மேல ஒண்ணும் போடாம தளத்தை மொட்டையா விட்டுட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனல் காத்தைத்தான் கீழ தள்ளுது.

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-லயே வந்திருச்சு. 2007-ல் வந்த கட்டட விதி பெரிய வணிகக் கட்டடங்களுக்குத்தான். குடியிருக்கிற வீட்டுக்கு 2018 டிசம்பர்லதான் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ வந்தது. கொண்டு வந்தது மத்திய அரசோட பி.இ.இ. (ஏ.சி.யில நட்சத்திரம் ஒட்டுறாங்களே, அவங்கதான்). ஒரு சதுர மீட்டர் கூரையில, வெளிய உள்ள ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல சூடு இறங்கக் கூடாதுங்குது அது. வெறும் ஆறு இஞ்ச் தளத்துல அதைப்போல ரெண்டரை, மூணு மடங்கு இறங்கும். சுவர், ஜன்னலுக்கும் தனிக் கணக்கு இருக்குது.

ஆனா 2018-ல் வந்தப்ப 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள மனைக்குத்தான் இந்த விதின்னு வச்சாங்க. நம்ம கணக்குல 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. அதுவும் மாநில அரசு ஏத்துக்கிட்டு அறிவிச்சாத்தான் கட்டாயம். மூணு சென்ட், அஞ்சு சென்ட்ல கட்டுறவனை யாரும் கேக்கப் போறதில்ல. கரண்ட் பில்லு கட்ட அதிகமாத் திணறுறதும் அவன்தான்.

என் பையன் இப்ப அஞ்சு சென்ட்ல கட்டுறான். பிளான்ல மேற்கால ஒரே கண்ணாடி. அதைப் பாதியாக் குறைக்கச் சொல்லியாச்சு. தளத்து மேல சுருக்கி, தட்டோடு போடலாம்னா, அதுமட்டும் 1.2-க்குப் பத்தாது, அடியில தெர்மகோல் மாதிரி ஒரு தடுப்பும் வேணும்கறாங்க. அதுக்கு ஆகுற செலவைக் கேட்டுட்டு, டைல்ஸ்ல குறைக்கலாமான்னு மருமகளும் அவனும் பேசிட்டு இருக்காங்க.