முதுமையில் மிதிவண்டி: மூச்சிரைப்பு மட்டும்தான் அளவுகோலா?

முதியோர் மிதிவண்டி ஓட்டுவதால் வரும் நன்மையை மருத்துவ எழுத்துகள் இதயம், முழங்கால், சர்க்கரை அளவு என்ற வட்டத்துக்குள்ளேயே பேசுகின்றன. மனத்தெளிவு அந்த உழைப்பின் உபரிப் பயனாகக் கருதப்படுகிறது. இந்த வரிசை தவறு என்பது என் கருத்து. தானாகப் புறப்பட்டுத் தான் நினைத்த இடத்துக்குப் போய்வரும் ஆற்றல் தனியாகவே மனத்தை நலப்படுத்துகிறது.

இதற்கு வலுவான சான்று இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2019இல் வெளியிட்ட ஆய்வு. 50 முதல் 83 வயது வரையிலான 100 பேரில் ஒரு பகுதியினர் சாதாரண மிதிவண்டியும், இன்னொரு பகுதியினர் மோட்டார் துணைசெய்யும் மின்மிதிவண்டியும் ஓட்டினர்; மற்றவர்கள் ஓட்டவில்லை. எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் ஓட்டிய இரு பிரிவினரிடமும் மேம்பட்டது. மனநல மதிப்பீட்டில் முன்னேறியவர்களோ மின்மிதிவண்டி ஓட்டியவர்கள். உழைப்பே முழுக் காரணம் என்றால் அதிகம் மிதித்தவர்களல்லவா முந்தியிருக்க வேண்டும்? மேடு வந்தால் மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்ற துணிவில் வெளியே போனதும் மருந்தாகியிருக்கிறது. எட்டு வாரம் குறுகிய காலம்தான். ஆனாலும் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 55 முதல் 79 வயதுக்குட்பட்ட 125 மிதிவண்டி ஆர்வலர்களை ஆராய்ந்தது இதைவிடப் புகழ்பெற்றது. அவர்களின் நோயெதிர்ப்பு அணுக்களில் மூப்பின் தடயம் குறைவாக இருந்ததை 2018இல் வெளிவந்த கட்டுரை காட்டியது. ஆனால் அவர்கள் நெடுங்காலமாக நீண்ட தூரம் ஓட்டிப் பழகியவர்கள். அறுபதில் முதன்முதலாகப் பெடலில் கால் வைப்பவருக்கு அதே பலனை வாக்களிப்பது நேர்மையாகாது.

வரம்புகளும் உண்டு. உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் எலும்பு உறுதிக்கு மிதிவண்டி பெரிதாக உதவாது. நடையும் தசைவலுப் பயிற்சியும் கூடவே வேண்டும். ஏறி இறங்கும் கணமும் ஆபத்தானது. நடுவில் பார் வைத்த வண்டியில் இடது காலைப் பெடலில் ஊன்றி, இரண்டு உந்து உந்தி, வலது காலைப் பின்னால் சுழற்றிப் போட வேண்டும். இடுப்பு இறுகிய வயதில் அந்தக் கால் கேரியரில் தட்டும். வண்டியோடு சாய வேண்டியதுதான். பார் இல்லாத வண்டியில், பாதம் தரையில் படும் அளவுக்கு சீட்டைத் தாழ்த்தினால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும்.

தமிழ்நாட்டில் இந்த வாதத்தைச் சோதிக்க அருமையான களம் ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு மிதிவண்டியையும் கிராமப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அதில் ஏறினார்கள். அவர்கள் அதை உடற்பயிற்சியாகக் கற்கவில்லை. பஸ்ஸுக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் போய்வரக் கற்றார்கள். அன்று இருபதுகளில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். ரீடிங் ஆய்வு எடுத்துக்கொண்ட வயதும் அதுதான். இன்னும் ஓட்டுகிறவர்கள் யார், நிறுத்தியவர்கள் எதனால் நிறுத்தினார்கள், அதன்பின் அவர்களின் உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்று நம் முதியோர்நல ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும். அவர்களே நேரில் பதில் சொல்லக்கூடிய காலத்திலேயே இதைத் தொடங்குங்கள்.