படைக்கலம் புகட்டும் பாடம்

போர் ஓய்ந்தபின் வாளுக்கு யாது வேலை? துருவேறி மண்ணாதல் ஒன்று. விலைப்பட்டுத் திசைக்கொன்றாய்ச் சிதறுதல் மற்றொன்று. இவ்விரு கதியினின்றும் தப்பி, ஒரு நகரத்தின் கல்விச் செல்வமாய் மாறிய படைக்கலத் தொகுதியொன்றின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

இத்தாலி தேசத்துப் புளோறன்ஸ் நகரிலே 1838ஆம் ஆண்டிற் பிறந்தவர் பிறெடெறிக் ஸ்ரிபேட். தந்தையார் ஆங்கிலேயர், தாயார் இத்தாலியர். பாட்டனார் ஜைல்ஸ் ஸ்ரிபேட் என்பார், 18ஆம் நூற்றாண்டிற் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்குத் தலைமை வகித்தவர். பாரத மண்ணிலே திரண்ட பொருளே பேரனின் செல்வத்துக்கு ஊற்றாயிற்று என்பதனை நாம் மறத்தலாகாது.

இங்கிலாந்திற் கல்வி பயின்று மீண்ட ஸ்ரிபேட், 1859இல் அச்செல்வத்துக்கு உரியவரானார். 1866இல் கரிபால்டியின் தொண்டர் படையிற் சேர்ந்து ஒஸ்திரியருக்கு எதிராகப் போரிட்டார். ஆகவே, போரை ஏட்டில் மாத்திரம் கண்டவரல்லர் அவர்.

அவரது வேட்கை பழம் படைக்கலங்களிற் சென்றது. மொந்தூகிக் குன்றிலுள்ள தமது இல்லத்தை விரிவாக்கி, மண்டபம் மண்டபமாக நிரப்பினார். ஒரு மண்டபத்திலே, முழுக்கவசம் பூண்ட வீரர் குதிரைமீதமர்ந்து அணிவகுத்து நிற்கின்றனர். துருக்கி, பாரசீகம், இந்தியா ஆகிய நாட்டுக் கருவிகளும் அங்குள. யப்பானிலே 1876இற் பொதுவிடத்தில் வாள் தரிப்பது தடுக்கப்பட்டது. மரபுவழி வீரரின் வாளும் கவசமும் வேலையிழந்து விலைக்கு வந்த அக்காலத்தில் அவற்றையும் அவர் வாங்கிச் சேர்த்தார். குறையுற்ற கவசங்களைக் கைவினைஞரைக் கொண்டு நிரப்புவித்தமையால், பழையது எது, புதியது எது எனப் பிரித்தறியும் பணி பின்வந்த அறிஞருக்கு வாய்த்தது.

எனினும் அவர் வெறும் பொருள் திரட்டியவரல்லர். மக்களின் உடையும் படைக்கோலமும் காலந்தோறும் மாறிய வகையை ஆராய்ந்து அவர் ஆக்கிய நூல், அவர் மறைந்தபின் 1914இல் வெளிவந்தது.

1906இல் ஸ்ரிபேட் காலமானார். அவருக்கு மணமில்லை, வாரிசாய் மக்களில்லை. இத்தகைய தொகுதிகள் பல, உடையவர் மறைந்ததும் ஏலக்கடையிற் கரைந்தொழிதல் உலக வழக்கு. அவரோ முன்னரே மரணசாசனம் எழுதி, தொகுதியைப் பிரித்தானிய அரசுக்கு உரித்தாக்கினார். அவ்வரசு வேண்டாதுவிடின் புளோறன்ஸ் நகருக்குச் சேரவேண்டுமெனவும் விதித்தார். பிரித்தானிய அரசு தன் உரிமையை விட்டுக்கொடுக்கவே, பிறந்த ஊரே அதனைப் பெற்றது. 1909இல் அவ்வில்லம் நூதனசாலையாய்ப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

உலகப் பொருள்களோடு உள்ளூர் வரலாறும் அங்கே வாழ்கின்றது. மெடிசி குலத்துப் படைத்தலைவர் ஜொவான்னியுடன் புதைக்கப்பட்ட கவசமும், நெப்போலியன் 1805இல் இத்தாலிய மன்னராய் முடிசூடியபோது அணிந்த உடையும் அங்குள்ளன. பாட்டனார் அந்நியரை அடக்க வாளேந்தினார். பேரனார் சேர்த்த வாள்களோ இன்று எந்நாட்டுச் சிறுவருக்கும் பாடஞ் சொல்கின்றன.

இளைஞர்காள்! எம் இல்லத்துப் பரண்களிலும் பழைய ஏடும், விளக்கும், கருவியும் உறங்குகின்றன. அவற்றை எவர் ஆண்டார், எதற்கு ஆண்டார் என்று சொல்லவல்ல முதியோர் இன்று எம்மிடையே உளர். அவர் வாய்மொழியைக் கேட்டு எழுதி, பொருளோடு சேர்த்து வைப்போமாக. பொருள் மாத்திரம் எஞ்சி அதன் கதை மறையுமாயின், எஞ்சுவது வெறும் இரும்பே.