நின்று வாங்கும் உதை: மவுன்ட் ரோடு ரைஃபிள்களும் ஒரு மேஜையும்

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு சார் வீட்டில் பழைய இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்று இருக்கு. காட்டிலாகாவில் வேலை பார்த்த தாத்தாவோட சொத்து. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிவு வந்ததும் போய் வாங்கிக்கொள்வார். மற்றபடி அது பீரோவை விட்டு வெளியே வருவதில்லை. போன தடவை ஒப்படைக்கிறதுக்கு முந்தின நாள் எனக்குக் காட்டினார். குழல்களைக் கழற்றித் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை: கார்டைட் 70–480 மேக்ஸ்.

“அழகா இருக்கு, ஆனா உபயோகமில்லை. குழல் வளைஞ்சுபோச்சு”ன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். 1960களில் அவர் அப்பா நீலகிரியில் ஒரு எஸ்டேட்டில் இதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையை வெளியே இழுத்துப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சாக்கு மூட்டை மேல் குழலை வைத்து இரண்டு தோட்டா. இரண்டும் குறிக்கு மேலே போனது மட்டுமில்லாமல் ஒன்றுக்கொன்று ஒரு சாண் விலகிப் போச்சாம். தோள்பட்டை பத்து நாள் நீலம். அதோடு ரைஃபிளுக்குத் தீர்ப்பு எழுதியாச்சு. அந்தத் தீர்ப்பு சரியா என்று தேடிப் போனதில் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த எண்கள். 70 கிரெயின் கார்டைட், 480 கிரெயின் குண்டு. அதாவது சுமார் நாலரை கிராம் மருந்து, 31 கிராம் ஈயம். இது .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ். லண்டன் ஜான் ரிக்பி கம்பெனி 1898ல் கொண்டுவந்த தோட்டா. என்.சி.சி. கேம்ப்பில் .303 சுட்டவங்களுக்கு அந்த உதை நினைவிருக்கும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: .450 உதை ஏறக்குறைய அதைப்போல நாலு மடங்கு. ஐந்து கிலோ ரைஃபிள் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. சைக்கிள் வேகத்தில் ஐந்து கிலோ அரிசிப் பை தோளில் வந்து மோதினால் எப்படி இருக்கும், அப்படி.

இதுவே முன்னேற்றம்தான். அதற்கு முந்தின தலைமுறை கரும்மருந்துக்காரர்கள் பட்டது இன்னும் மோசம். மைசூர் கெட்டா அதிகாரி ஜி.பி. சாண்டர்சன் (1892ல் நம்ம மெட்ராஸில்தான் இறந்தார்) யானைக்கு 4 போர் துப்பாக்கி எடுத்துப்போனவர். 4 போர் என்றால் கால் பவுண்டு ஈய உருண்டை போகிற வாய், துப்பாக்கி எடை ஏறக்குறைய 9 கிலோ. இலங்கை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், பிற்பாடு ஆப்பிரிக்காவில் வைத்திருந்த அரை பவுண்டு குண்டுத் துப்பாக்கிக்குக் ‘குழந்தை’ என்று பேர் வைத்தார். அது சுட்டால் தன்னையே பம்பரமாகச் சுற்றிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். வேட்டை நூல்களில் மிருகம் பட்ட பாட்டைவிடத் தோள் பட்ட பாட்டைப் படிக்கத்தான் எனக்கு சுவாரசியம்.

இந்த ரைஃபிள்கள் இங்கே வந்த வழி மவுன்ட் ரோடு. 1849ல் தொடங்கின பி. ஆர் அண்ட் சன்ஸை நாம கடிகாரக் கடையாகத்தான் அறிவோம். சிசோம் வரைந்த அந்த 1879 கட்டடத்தை பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டியிருப்போம். அவங்க துப்பாக்கியும் விற்றார்கள். ஓக்ஸ் கம்பெனியும் அப்படியே. இந்த மாதிரி கடைகளுக்குப் பெரும்பாலும் லண்டனிலோ பர்மிங்காமிலோ செய்து, மெட்ராஸ் கடைப் பேரைப் பொறித்து அனுப்புவார்கள். துப்பாக்கி முழுசாக முடிந்துதான் கப்பலேறும். அந்த ‘முடிந்து’ என்பதில்தான் நம்ம விஷயம் இருக்கு.

இரட்டைக்குழல் ரைஃபிளில் குழல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வலது குழல் சுடும்போது ரைஃபிள் வலப்பக்கமாக மேலே எகிறும், இடது சுடும்போது இடப்பக்கம். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே ரைஃபிள் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே குழல்களை இணையாக வைத்தால் குண்டுகள் விலகிப் போகும். கைவினைஞர் குழல்களை முனையில் லேசாக உள்பக்கம் சாய்த்து, நடுவில் ஆப்பு வைத்துப் பற்றவைப்பார். சுடுவார், பார்ப்பார். பற்றைச் சூடாக்கி இளக்கி ஆப்பை நகர்த்துவார், மறுபடி சுடுவார். இரண்டு குண்டும் நூறு கஜத்திலோ அதற்குள்ளோ ஒரே இடத்தில் விழுகிற வரைக்கும் இதே வேலை. யானை ஓடி வரும்போது இரண்டாவது குண்டு எங்கே போகும் என்பதுதான் உயிர் என்பதால் விலையில் பெரும்பங்கு இந்த வேலைக்கே.

இதை அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்யவில்லை. நின்று சுடுகிற மேஜை ஒன்று உண்டு. அலங்காரமே இல்லாத சாமான். கனமான மரம், வெளிப்பக்கம் அகட்டி வைத்த கால்கள், சுமார் நாலு அடி உயரம், ஆளுக்கு ஏற்றபடி முன்னே பின்னே. நிமிர்ந்து நின்றால் பலகை நெஞ்சுக்குக் கீழே வரணும், முழங்கைகள் அதன் மேல் உட்காரணும். பழைய கடைகளில் நின்றபடியே பேரேடு எழுதுவதற்கு வைத்திருந்த மேஜையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், கிட்டத்தட்ட அதுதான். உடம்பு உள்ளே வந்து நிற்க சிலர் பலகையில் ஒரு வளைவு வெட்டுவார்கள். மேலே மணல் மூட்டை. குழலை மூட்டை மேல் வைக்கவே கூடாது. முன்கட்டையை இடது கை பிடிக்கணும், அந்தக் கை மூட்டை மேல் இருக்கணும். கெட்டியான எதன் மேலாவது குழல் பட்டால் சுடும்போது துள்ளி, குண்டு மேலே போய்விடும்.

ஏன் நிற்கணும்? 29சி பஸ்ஸில் நின்று போகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். டிரைவர் பிரேக் போட்டால், முழங்காலைத் தளர்த்தி நிற்கிறவர் ஆடி நிமிர்ந்துவிடுவார். கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கி நிற்கிறவருக்குத்தான் விலா வலிக்கும். உட்கார்ந்து மேஜை மேல் குனிந்தால் தோளுக்குப் பின்னால் போக இடமே இல்லை, மொத்த உதையும் காறையெலும்பில் இறங்கும். சில சமயம் ரைஃபிள் கட்டையே விரிசல் விடும். நின்றால் இடுப்புக்கு மேலே உடம்பு பின்னால் சாயும், உதை நீண்டு மெத்தென்று இறங்கும். காட்டில் சுடுகிறவனும் நின்றுதான் சுடுவான். அவன் தோள் எப்படி வழிவிடுமோ, அதே வழிவிடுதலைக் கணக்கில் வைத்துத்தான் குழல்களின் சாய்வு ஒட்டப்பட்டிருக்கிறது. தோளை அசையாமல் கட்டிப்போட்டால் ரைஃபிள் எகிறும் விதம் மாறும், குண்டுகளும் இடம் மாறும். (ஒற்றைக்குழலுக்கு இவ்வளவு பாடில்லை. கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் நன்றாகவே உதைக்கிற சாதிதான். ஆனால் ஒத்துப்போக வேண்டிய இரண்டாவது குழல் அதற்கு இல்லை.)

இன்னொரு சிக்கல் நம்ம ஊர் வெயில். கார்டைட் சூட்டுக்கு மிகவும் மசிகிற மருந்து. இங்கிலாந்துக் குளிரில் ஒட்டின ரைஃபிளை மே மாத மெட்ராஸுக்குக் கொண்டுவந்தால் அழுத்தம் ஏறும், உதை ஏறும், காலி உறை உள்ளே இறுகிக்கொள்ளும், குழல்கள் பிரிந்து சுடும். அதனால்தான் இந்தியாவுக்கென்று மருந்து குறைத்த ‘டிராபிக்கல்’ தோட்டாக்கள் வந்தன. .450க்கு 70ல் இருந்து 65 கிரெயின். வித்தியாசம் அரை கிராம்கூட இல்லை. ஊட்டிக் குளிரில் எந்தத் தோட்டாவைப் போட்டோம் என்பதுகூட இரண்டு குண்டுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டிக் குறைக்கும்.

.450க்கு இந்தியாவில் ஆயுசும் குறைவு. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் அதே அளவு வாய் என்பதால், குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போகும் என்று பயந்து, 1900களின் முதல் பத்தாண்டில் அரசு அந்த அளவைத் தடை செய்தது. உடனே லண்டன்காரர்கள் ஒரு நூல் பெரிதாக்கி .465, .470, .475, .476 என்று வரிசையாக இறக்கினார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் பெரிய ரைஃபிள் என்றால் .470 பேர்தான் முதலில் வரும். அது பிரபலமானதற்கு ஆப்பிரிக்கச் சிங்கம் காரணமில்லை, கல்கத்தா அரசாங்கத்தின் பயம்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருது. மயிலாப்பூர் ரைஃபிள் அநேகமாகத் தடைக்கு முன்னால் கரை இறங்கினது.

சார் வீட்டுக்கு மறுபடி போய் இதையெல்லாம் சொன்னேன். நாற்காலி, சாக்கு மேல் குழல், எஸ்டேட் குளிர், எந்தத் தோட்டா என்றே தெரியாதது, இத்தனையும் சேர்ந்தால் ஒரு சாண் விலகல் ஆச்சரியமே இல்லை. வளைந்த குழல் என்று சொல்ல அந்த இரண்டு தோட்டா சாட்சி போதாது. நல்லவேளை, அவர் அப்பா அதைப் பட்டறையில் கொடுத்துப் பற்றை இளக்கி ‘சரி’ பண்ணவில்லை. அப்படி ‘சரி’யான இரட்டைக்குழல்கள் நிஜமாகவே கெட்டவை.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ அம்பது வருஷமா அதைக் குத்தம் சொல்லிட்டிருந்தோமா?”ன்னார். தச்சர் ஒருவரைப் பிடித்து அந்த மேஜையைச் செய்துவிடலாமா என்றும் கேட்டார். செய்யலாம், தேக்குகூட வேண்டாம். ஆனால் சுடுவதற்குத் தோட்டா எங்கே? .450க்கு வெளிநாட்டில் இப்போதும் தோட்டா செய்கிறார்கள், இங்கே வரவழைப்பது வேறு கதை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வேலையும் கிடையாது.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் ரசீது எழுதினவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “வேலை செய்யுமா சார்?” என்று கேட்டார். போன தடவை வரைக்கும் இல்லை என்று சொல்லி வந்தவர், இந்தத் தடவை “செய்யும்னு நினைக்கிறேன்” என்றார்.