‘ட்ரூத்’ என்ற சொல்லின் பழைய பொருள்

‘ட்ரூத்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ‘உண்மை’ என்று பெயர்த்துவிட்டு மேலே செல்வது நம் வழக்கம். இன்றைய ஆங்கிலத்திற்கு அது போதும். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்துள் புகுவோருக்குப் போதாது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல், கொடுத்த வாக்கில் நிற்பதையும் தலைவனிடத்தும் தோழனிடத்தும் பிறழாதிருப்பதையும் குறித்தது. நடந்ததை நடந்தவாறு கூறுதல் என்னும் பொருளுக்கு ‘சூத்’ என வேறொரு சொல் இருந்தது. குறி சொல்வோனைச் சுட்டும் ‘சூத்சேயர்’ போன்ற சில சொற்களில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன மொழியாகிய ஜெர்மனில் ‘ட்ரொய்’ என்பதற்குப் பற்றுறுதியுடைய என்பதே இன்றும் பொருள். போர்நிறுத்தத்தைக் குறிக்கும் ‘ட்ரூஸ்’ என்பதும் இவ்வேரில் கிளைத்ததே. பகைவனின் வாக்கையும் நம்பினால்தானே போர் நிற்கும்!

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியே வேறு சொற்கள் வந்து சேர்ந்தன. ‘ஃபீல்ட்டி’ என்பது நிலம் பெற்றவன் நிலம் தந்தவனுக்குச் சூளுரைக்கும் பற்று. 1086இல் முதலாம் வில்லியம் சாலிஸ்பரியில் நிலக்கிழார்களைக் கூட்டி, எவர்க்கும் மேலாகத் தமக்கே பற்றுடையராக இருப்பதாக ஆணை பெற்றார். சட்டத்தைச் சுட்டும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லாயல்’ பிறந்தது. இவை அரண்மனையிலும் வழக்கு மன்றத்திலும் உலவிய சொற்கள். ‘ட்ரூத்’ உழவனுக்கும் உரியதாயிருந்தது.

அச்சொல்லுக்கு உயிரையே விலையாகக் கொடுத்த நிகழ்ச்சி 1381இல் நேர்ந்தது. தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் சுமத்தப்பட்ட வரியை எதிர்த்து எசெக்சிலும் கென்ட்டிலும் மக்கள் எழுந்தனர். யார் பக்கம் என்று வினவினால், ரிச்சர்டு மன்னர் பக்கமும் ‘ட்ரூ’ ஆகிய பொதுமக்கள் பக்கமும் என்பதே அவர்களிடையே அடையாள விடை. அங்கே ‘உண்மையான மக்கள்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. மன்னனுக்குப் பிறழாதவர் நாங்களே, அமைச்சர்களல்லர் என்பது அவர்கள் வழக்கு. மன்னனுக்கெதிராகப் போர் எழுப்புவதை அரசத் துரோகமென வகுத்த 1352ஆம் ஆண்டுச் சட்டமோ அவர்களைத் துரோகிகள் என்றது.

தங்கள் அடிமை நிலையைப் பதிந்துவைத்த பண்ணைச் சுவடிகளை எரித்தவர்கள், மன்னனிடம் விடுதலை ஓலை கேட்டனர். ஜூன் 14 அன்று மைல் எண்டில், பதினான்கு வயது ரிச்சர்டு அதனைத் தந்தான். எழுத்தர்கள் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தனர். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில், தலைவன் வாட் டைலர் வெட்டுண்டான். ஜூலை 2ஆம் நாள் ஓலைகளனைத்தும் செல்லாவென அறிவிக்கப்பட்டன. வாக்குத் தவறியவர் எவர் என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

அக்கிளர்ச்சியில் தூக்கிலிடப்பட்ட ஜான் பால் என்னும் குருவின் பெயரால் வழங்கும் மடல்களில் ‘ட்ரூத்’ திரும்பத் திரும்ப வருகிறது. அதை உண்மை என்று கொண்டால் வெறும் அறவுரையாகத் தோன்றும். வாக்குறுதி என்று கொண்டாலோ, மேலோர்மீது சாட்டிய குற்றமாகிறது. பின்னதே பொருந்தும் என்பது என் துணிபு. மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு நம் ‘வாய்மை’ ஓரளவு கைகொடுக்கும்.

காலப்போக்கில் சொல் இரண்டாகப் பிரிந்தது. ‘ட்ரூத்’ செய்தியின் பக்கம் சென்றது. அதன் மறுவடிவான ‘ட்ரோத்’ மட்டும் பழைய பொருளை விடாமல், 1549ஆம் ஆண்டு வழிபாட்டு நூலின் திருமண உறுதிமொழியில் இடம்பெற்றது.