பர்மாவிலிருந்து நடந்தவர்கள் குடித்த தண்ணீர்



மலையேற்றம் போகும் நம் பிள்ளைகள் சிலர், ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் கருவியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். நல்ல காரியம். எனக்கு 1942 பர்மா நடைதான் நினைவுக்கு வந்தது. நான் நடத்திய வரலாற்றுப் பாடங்களில் அதற்கு ஒரு பத்திகூட இருந்ததில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8இல் நகரம் அவர்கள் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தார்கள். நம் தமிழர்களும் அவர்களில் ஏராளம்.

ஒரு கூட்டம் புரோம் நகரிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டவுங்கப் கடற்கரைக்கு நடந்தது. நூறு மைலுக்கு மேல். அது வறண்ட காலம், மலைமேல் தண்ணீர் அரிது. சுமந்து போகலாம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. இடுப்பில் குழந்தை, தலையில் அரிசி மூட்டை. எவ்வளவுதான் சுமப்பது? கிடைத்த இடத்தில் குடித்தார்கள். முன்னால் போனவர்கள் அசுத்தம் செய்துவிட்டுப் போன ஓடை அது.

காலரா வந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலும் நோய் தெரியலாம், 5 நாள் கழித்தும் தெரியலாம். அதற்குள் அந்த மனிதர் பல மைல் நடந்து அடுத்த ஓடையையும் கெடுத்திருப்பார். நோயும் கூடவே நடந்தது.

மே மாதத்துக்குப் பிறகு வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக லீடோவுக்குப் போனவர்கள் கதை வேறு. கொட்டும் பருவமழை, எங்கும் தண்ணீர். ஆனால் வழியெல்லாம் பிணங்கள். கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஈர விறகில் எப்படி அடுப்பு மூட்டுவது?

இந்தியத் தேயிலைச் சங்கம் அசாம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வழியில் முகாம்கள் நடத்தியது. வந்தவர்களுக்குச் சூடான தேநீர் கொடுத்தார்கள். தேநீர் என்றால் கொதித்த தண்ணீர்தானே! அந்தக் குவளையே பல உயிர்களைக் காத்திருக்கும் என்பது என் எண்ணம்.

தாமு வழியில் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்ததாக எழுந்த புகாரையும் சொல்லாமல் விடக்கூடாது. தேசியத் தலைவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

இறந்தவர்கள் 10,000 பேர் என்பாரும் உண்டு, 50,000க்கு மேல் என்பாரும் உண்டு. எண்ணி வைக்க ஆளில்லை.

நம் உறவில் பர்மாவிலிருந்து நடந்து வந்த பெரியவர்கள் வீட்டார் இருந்தால், அவர்கள் எதில் தண்ணீர் எடுத்து வந்தார்கள், எங்கே குடித்தார்கள் என்று காதில் விழுந்ததை எழுதி அனுப்புங்கள். இரண்டு வரி போதும்.