பழைய காரில் புதிய சங்கீதம்

மோட்டார் காரில் பிரயாணம் செய்கிறவன் வழித்துணையாகச் சங்கீதத்தையும் அழைத்துக்கொள்ள விரும்பியதன் சரித்திரம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுச் சரித்திரம். அதில் பெரிய கம்பெனிகளும் பெரிய யந்திரங்களும் பேசப்பட்ட அளவுக்கு, பழைய காரில் பொருத்தியிருந்த பழைய பெட்டியைக் கழற்றாமலே அதற்குள் புதிய காலத்தின் பாட்டைப் புகுத்திய ஒரு சிறிய சாதனம் பேசப்படவில்லை. கேசட் அடாப்டர் என்னும் அச்சாதனம் தோன்றிய வரலாற்றில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

1930-ஆம் ஆண்டில், சிகாகோ நகரத்துப் பால் கால்வின் என்பவர், தமது தொழிற்சாலையில் செய்த ரேடியோ ஒன்றைத் தம்முடைய ஸ்டூடிபேக்கர் காரில் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ரேடியோ உற்பத்தியாளர் மகாநாட்டு மண்டபத்தின் வாயிலில் நிறுத்திப் பாடவிட்டு, வந்தவர்களின் கவனத்தை ஈர்த்தார். மோட்டரோலா என்று அவர் அதற்கு இட்ட பெயரே பின்னர் அவருடைய கம்பெனிக்கும் பெயராயிற்று. ஆயினும், ரேடியோ நிலையத்தார் ஒலிபரப்பியதைக் கேட்கலாமே தவிர, தான் விரும்பிய பாட்டைத் தான் விரும்பிய வேளையில் கேட்கும் சுதந்திரம் காரோட்டிக்கு அதனால் வாய்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, 1956-ஆம் ஆண்டு மாடல் கார்களில் கிரைஸ்லர் கம்பெனியார் நிமிஷத்துக்கு 16⅔ சுற்றுச் சுழலும் இசைத்தட்டுக் கருவி ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். அதற்குரிய விசேஷத் தட்டுகளைக் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றே வெளியிட்டமையால், அம்முயற்சி சில ஆண்டுகளிலேயே அஸ்தமித்தது. 1965-இல் ஃபோர்டு கார்களில் இடம்பெற்ற எட்டுத் தட ஒலிநாடாவோ அமெரிக்காவில் அமோகமாகப் பரவியும், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வழக்கொழிந்தது.

இவற்றையெல்லாம் வென்று நிலைத்தது, லூ ஓட்டன்ஸ் என்னும் பொறியியலாளரின் தலைமையில் பிலிப்ஸ் கம்பெனியார் உருவாக்கி, 1963-இல் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் வெளியிட்ட சின்னஞ்சிறு கேசட். அதன் வெற்றிக்கு உருவத்தின் சிறுமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், ராயல்டி கேளாமல் எந்த உற்பத்தியாளரும் அதனைச் செய்துகொள்ளலாம் என்று பிலிப்ஸ் அனுமதித்ததும், அளவுகளில் எவரும் அணுவளவும் பிசகக்கூடாது என்று நிபந்தனை வைத்ததுமே ஆகும். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஜப்பானில் செய்த கேசட் ஜெர்மானியக் காரிலும், நம்மூர்க் கேசட் கடையில், காகிதத்தில் எழுதிக் கொடுத்த பட்டியல்படி இளையராஜா பாட்டுகளைப் பதிந்து வாங்கிய கேசட் அம்பாஸடர் டாக்ஸியிலும் தடையின்றிப் பாடியதற்கு இந்தப் பொது அளவே காரணம்.

1982-இல் காம்பாக்ட் டிஸ்க் பிறந்தது. 1984-இல் கையில் எடுத்துச் செல்லத்தக்க டிஸ்க் கருவியைச் சோனி கொண்டுவந்தது. சங்கீதம் எண்களாக மாறிவிட்ட அக்காலத்தில், சாலையில் ஓடிய கார்களில் கேசட் பெட்டிகளே நிறைந்திருந்தன. இவ்விரண்டையும் இணைக்கும் உபாயத்துக்கு லாரி ஷாட்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1988-இல் காப்புரிமை பெற்றார்.

அந்தக் கேசட் அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருவத்தில் அது கேசட்டேதான். ஆனால் உள்ளே நாடா இல்லை. நாடா ஓடி முடிந்துவிட்டதென்று எண்ணிப் பெட்டி நின்றுவிடாமல் இருப்பதற்காகச் சில பல்சக்கரங்கள் சுழலும். ஓரத்தில், நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் பெட்டியின் ஹெட்டுக்கு நேர் எதிரே, மற்றொரு சிறிய ஹெட் அமைந்திருக்கும். பின்புறத்திலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று வெளிவரும். அதன் முனையை டிஸ்க் கருவியின் ஹெட்போன் துளையில் செருகியதும், ஒயரில் வரும் மின்னோட்டம் அச்சிறு ஹெட்டில் காந்த அலைகளை எழுப்ப, பெட்டியின் ஹெட் அவற்றை நாடாவிலிருந்து வரும் அலைகளாகவே ஏற்றுப் பாடுகிறது. டிஸ்க் போய், 1990-களில் எம்பி3 வந்து, 2001-இல் ஐபாட் வந்து, பின் செல்போன் வந்தபோதும் அடாப்டரில் எதையும் மாற்ற நேரவில்லை. ஏனெனில் எண்களாக இருந்த பாட்டு, ஹெட்போன் துளையை அடையும்போது மீண்டும் மின் அலையாகிவிடுகிறது.

கேசட் வாயில் இல்லாத கார்களுக்கு, பாட்டைக் காரின் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் உதவிற்று. ஆனால் 93.5-இல் சூரியனும் 98.3-இல் மிர்ச்சியும் பலமாக ஒலிக்கும் சென்னையில், காலியான அலைவரிசையைத் தேடிப் பிடித்தாலும், ஒரு தெருவில் தெளிவாகக் கேட்ட பாட்டு மறுதெருவில் இரைச்சலில் அமிழ்ந்துபோவதை அதனைப் பயன்படுத்தியவர் அறிவர்.

என் பெரியப்பாவின் அம்பாஸடர் நினைவுக்கு வருகிறது. டேஷ்போர்டை வெட்டிப் புதிய செட் பொருத்தலாம் என்று மெக்கானிக் சொன்னபோது, "பெட்டி நல்லாத்தானே பாடுது, அதை ஏன்யா கழட்டணும்?" என்று அவர் மறுத்துவிட்டார். சில நாள் கழித்து அண்ணன் ஓர் அடாப்டர் வாங்கிவந்தான். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில், நீண்ட முன்சீட்டின் மேல் செல்போன் கிடக்க, பெட்டியின் வாயிலிருந்து கறுப்பு ஒயர் தொங்க, நாடா இல்லாத அந்தக் கேசட்டிலிருந்து மதுரை சோமுவின் குரல் எழுந்தபோது, பெரியப்பா ஒலியைச் சற்றே கூட்டி வைத்ததை நான் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்பாஸடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. 2016-இல் ஐபோனிலிருந்து ஹெட்போன் துளையும் நீங்கிற்று. இப்போது ப்ளூடூத் கொண்ட கேசட் அடாப்டர்களே வந்துவிட்டன. ஒயர்கூட இல்லாமல் பழைய பெட்டி இன்றும் பாடுகிறது. 1963-இல் வகுத்த ஓர் அளவை எல்லோருக்கும் பொதுவாக்கிய பெருந்தன்மையே, அதை வகுத்தவர்கள் கனவிலும் காணாத சாதனங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக வழிவிட்டு வருகிறது. இன்றைய கார்கள் பலவற்றிலோ பாட்டும் வழிகாட்டியும் குளிர்சாதனமும் ஒரே கண்ணாடித் திரைக்குள் பிணைக்கப்பட்டுள்ளன. அத்திரை பழுதுபட்டால் மூன்றும் ஒருங்கே முடங்கும். கார் செய்வோர், நாளை வரப்போகும் சாதனத்துக்காகப் பொது அளவில் அமைந்த ஒரு வாயிலையேனும் திறந்து வைக்க வேண்டும். பழைய கார் வைத்திருப்போர், பாடிக்கொண்டிருக்கும் பெட்டியைப் பெயர்த்தெறியுமுன் ஒரு கேசட் அடாப்டரைப் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும்.